புகை போகும் வழியில் ஒரு தோசைக்கல்

விறகுக் கணப்பின் உள்ளுறுப்புகளைக் கழற்றுவது சுலபம், திரும்பப் பூட்டுவது அதைவிடச் சுலபம்; கஷ்டமெல்லாம் வீட்டுக்காரரைக் கணப்புக்கு முன்னால் இருந்து கழற்றுவதில்தான் இருக்கிறது.

உங்களில் யாராவது அடுத்தவர் வீட்டுக்குப் போய்ப் பழுது பார்த்துப் பிழைப்பவராக இருந்தால், குழாயோ, மின்சாரமோ, சலவை இயந்திரமோ எதுவானாலும் சரி, என் பக்கத்தில் வந்து உட்காருங்கள். உங்களுக்கு நான் எதையும் விளக்கத் தேவையில்லை. "நான் ஏற்கெனவே ஒருக்காத் திறந்து பாத்தனான்" என்று வாடிக்கையாளர் சொன்னதும் சாமான் பையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போய்விடலாமா என்று தோன்றுமே, அது உங்களுக்கும் தோன்றியிருக்கும்.

மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலில் கடை வைத்தும், உணவகங்களின் சமையலறைகளில் வெந்தும் காசு சேர்த்த நம்மவர்கள் புறநகரில் பொபினிப் பக்கம் தோட்டத்தோடு வீடு வாங்குகிறார்கள். வயதான பிரெஞ்சுக்காரர்கள் விற்றுவிட்டுப் போன அந்த வீடுகள் பலவற்றில் கூடத்து மூலையில் ஓர் இரும்புக் கணப்பு நிற்கும். கண்ணாடிக் கதவு, உள்ளே விறகு, மேலே புகைக்கூடு. பிரெஞ்சில் அதற்குப் புவால் என்று பெயர். நம்மவர்கள் அதை அடுப்பு என்றுதான் சொல்வார்கள். வில்லங்கம் அங்கேதான் தொடங்குகிறது. அடுப்பு என்றால் நமக்குத் தெரியாதது ஒன்றுமில்லையே.

கணப்பின் வயிற்றுக்குள் பக்கச் சுவர்களாக நெருப்பைத் தாங்கும் கற்கள் நிற்கும். அவற்றின் மேல் கூரை போல ஒரு தகடு சாய்ந்து படுத்திருக்கும். நாங்கள் அதை மறிப்புத் தகடு என்போம். புகை நேராக மேலே ஓடிவிடாமல், தகட்டின் முன்பக்கத்து இடைவெளியால் சுற்றிக்கொண்டு போக வேண்டும். அப்போதுதான் சூடு வீட்டில் தங்கும். அந்த இடைவெளி அடைபட்டால் புகை வீட்டுக்குள் திரும்பும். கண்ணுக்குத் தெரிகிற புகை என்றால் இருமிவிட்டு யன்னலைத் திறப்போம். கண்ணுக்குத் தெரியாத வாயுவும் அதோடு வரும். அது வந்தால் தலையிடிக்கும், நித்திரை வரும், பிறகு எழும்ப மாட்டோம். வருடா வருடம் எல்லாவற்றையும் கழற்றி, துடைத்து, உடைந்ததை மாற்றி, திரும்பப் பூட்டி, ஒழுங்காக இருக்கிறது என்று சான்றிதழ் எழுதிக் கொடுப்பது என் வேலை. காப்புறுதிக்காரர்கள் அதைக் கேட்பார்கள். நம்மவர்களுக்கு வேண்டியது அந்தச் சான்றிதழ் மட்டும்தான், கழற்றுவதும் துடைப்பதும் இடைஞ்சல்.

என்னோடு வேலை செய்பவர் ஜோசப். புதுச்சேரிக்காரர். பிரெஞ்சு அரசாங்க உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவியோடு வீட்டில் ஓய்வெடுக்கப் பயந்து என்னோடு கரியில் இறங்கியவர். நான் இருப்பது லா ஷப்பலில், நான்காம் மாடியில். என் வீட்டைச் சூடாக்குவது மின்சார ஹீட்டர்.

வெள்ளைக்காரர் கதிரை

என் முதல் தமிழ் வாடிக்கையாளர் சபாநாதன் அண்ணை. லா ஷப்பலில் சேலைக்கடை வைத்திருக்கிறார்; அதற்கு முன் தோசைக்கடை வைத்து மூடினார். கோயில் தேர் வரும்போது வடத்தில் கை வைக்காமல், முன்னால் நடந்து எல்லாரையும் விலகச் சொல்கிறவர்களில் ஒருவர். அவருடைய கடைக் கல்லாவுக்குப் பக்கத்தில், திருநீற்றுத் தட்டை ஒட்டி, என் பெயர் அட்டைகள் இருந்தன. எனக்கு வருகிற தமிழ் வாடிக்கையாளர்கள் எல்லாரும் அந்தக் கல்லா வழியாக வந்தவர்கள்தான். அவர் கையை விரித்தால் என் பாடு திண்டாட்டம் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எனக்குத் தெரியும் என்பதை அடிக்கடி உறுதிப்படுத்திக்கொள்வார்.

முதல்முறை அவருடைய வீட்டுக்குப் போனபோது பின்கதவால் வரச் சொன்னார். கதவில் இருந்து கணப்பு வரைக்கும் பழைய பேப்பர் விரித்திருந்தது. நான் வேலை செய்து முடிக்கும் வரை என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றார். நான் கல்லைக் கழற்றினால் "ஓம்" என்பார், தகட்டை இறக்கினால் "ஓமோம்" என்பார், அவர் சொல்லித்தான் நான் செய்வதைப் போல. முடிந்ததும் அவருடைய மனைவி பூமணி அக்கா தேத்தண்ணி கொண்டுவந்தார். அவர்கள் குடிப்பது பூப்போட்ட பீங்கான் கோப்பையில். எனக்கு வந்தது குடித்துவிட்டு எறிகிற காகிதக் கோப்பை. பிரான்சில் பிறந்த பிள்ளைகளுக்கு இந்தக் காகிதக் கோப்பையின் அர்த்தம் விளங்காது. கரி பிடித்த தொழில் செய்கிறவனை எங்கே வைப்பது என்பதை நம்மவர்கள் விமானத்தில் ஏறும்போது மற்றச் சாமான்களோடு கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அட்டைகள் கல்லாவில் இருக்கின்றனவே, விழுங்கிக்கொண்டேன். கை கால் கழுவி, உடுப்பு மாற்றி, பக்கத்தில் இருந்த வெல்வெட் கதிரையில் சாயப் போனேன். சபாநாதன் அண்ணை பாய்ந்து வந்து, சிரித்த முகத்தோடு கதிரையைப் பின்னால் இழுத்தார்.

"குறை நினையாதையும் தம்பி, அது ஆரும் வெள்ளைக்காரர் வந்தால் இருக்கிற கதிரை."

பால்மாப் பேணி

தமிழர் வீட்டில் தங்கம் இருக்கும் என்பது இந்தப் புறநகர்க் கள்ளர்களுக்கெல்லாம் தெரியும். கட்டிலுக்கு அடியில், அரிசி வாளிக்குள், சாமி அறையில் எல்லாம் முதலிலேயே கை வைப்பார்கள். அதனால் ஒரு வீட்டு அம்மா கோடைகாலம் முழுவதும் தன்னுடைய நகைகளைக் கணப்புக்குள்ளே மறிப்புத் தகட்டின் முதுகில் ஏற்றி வைத்திருந்தார். நான் கணப்புக்குள் தலையை விட்டுத் தகட்டை அசைத்ததும் ஒரு பால்மாத் தகரப் பேணி வந்து என் நெற்றியைப் பதம் பார்த்தது. மூடி திறந்து, தாலிக்கொடி ஒன்று கழுத்தில் விழாத குறையாக மூக்கில் தொங்கியது.

கணவர் சமையலறையில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா ஓடி வந்து நகைகளை அள்ளிப் பேணியில் போட்டார். என் நெற்றி வீங்கியதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. குளிர் வருகிறது, இன்னும் கொஞ்ச நாளில் விறகு போடப் போகிறீர்கள், தங்கம் உருகாவிட்டாலும் புகை போகாது என்று நான் மெல்லச் சொன்னேன். அவர் சமையலறைப் பக்கம் ஒரு கண் வைத்தபடி குனிந்து என் காதுக்குள் சொன்னார்.

"நெருப்பைப் பற்றி எனக்குப் பயமில்லை தம்பி, அந்த மனிசன் சீட்டுப் போட எடுத்துப்போடும், நீங்கள் திரும்ப அங்கையே வைச்சுப் பூட்டுங்கோ."

கணப்புக்குள் ஓமம்

புது வீடு குடிபுகும்போது ஓமம் வளர்த்தால் கூரையில் உள்ள புகைக் கருவி அலறும், அயலவர் பொலிசைக் கூப்பிடுவார். இதற்கு ஒரு வீட்டுக்காரர் கண்டுபிடித்த வழி, ஓமகுண்டமே வேண்டாம், கணப்புக்குள்ளேயே நடத்திவிடலாம் என்பது. ஐயரும் சரி என்றிருக்கிறார். கணப்பின் கதவைத் திறந்து வைத்து, நெய்யும் சமித்தும் போட்டு, மந்திரம் சொல்லி, கடைசியில் பட்டில் சுற்றிய முழுத் தேங்காயை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினார்களாம். நெய் ஊற்றிய நெருப்பில் தேங்காய் சும்மா கிடக்குமா? குண்டு வெடித்த மாதிரிச் சத்தம். நான் போய்ப் பார்த்தபோது பக்கக் கற்கள் இரண்டாகப் பிளந்து, மறிப்புத் தகடு தலைகீழாக விழுந்து, கண்ணாடி எங்கும் தேங்காய்ப்பால் கருகி ஒட்டியிருந்தது.

"கல் ஏன் இவ்வளவு பலவீனம்?" என்று வீட்டுக்காரர் என்னைக் குறுக்கு விசாரணை செய்தார். இந்தக் கற்கள் நெருப்பைத் தாங்கச் செய்தவை, தேங்காயைத் தாங்க அல்ல என்றேன். தன் பேரில் பழி வந்துவிடும் என்று அவர் உடனே ஐயருக்குத் தொலைபேசி எடுத்து, ஒலிபெருக்கியில் போட்டு, என்னையும் கேட்கச் சொன்னார். ஐயர் நிதானமாகத்தான் தீர்ப்பு வழங்கினார்.

"தேங்காய் வெடிச்சது நல்ல சகுனம், கல்லு வெடிச்சது உங்கடை வேலைக் குறை."

யோகம் அக்காவின் கண்ணூறு

யோகம் அக்கா வீட்டில் கணப்பு பூட்டிக் கொடுத்தது நானும் ஜோசப்பும்தான். குளிர்காலம் முடியும் முன்பே எங்களைக் கூப்பிட்டு, இந்த அடுப்பு வந்த பிறகு குடும்பத்துக்கே கண்ணூறு பட்டுவிட்டது என்றார். மகள் கார் ஓட்டும் பரீட்சையில் தவறிவிட்டாள், கணவருக்கு முழங்கால் நோ, அக்காவுக்கே நித்திரை இல்லை. ஆதாரம் கேட்டேன். வெள்ளிக்கிழமை தவறாமல் செத்தல் மிளகாயும் உப்பும் எல்லாரையும் சுற்றிக் கணப்புக்குள் போட்டுக் கதவைச் சாத்துகிறாராம். ஒரு நாளாவது மணக்க வேண்டுமே, ஒருவராவது இரும வேண்டுமே! இல்லை. உங்களுக்குத் தெரியும்தானே, மிளகாய் எரிந்து கமறினால் கண்ணூறு இல்லை. கமறாவிட்டால் இருக்கிறது என்று அர்த்தம்.

நான் கையெடுத்துக் கும்பிட்டேன். "அக்கா, புகையெல்லாம் புகைக்கூட்டாலை நேரை மேலை போகுது. அதுதான் மணக்கேல்லை. கணப்பு நல்லா வேலை செய்யிது எண்டு அர்த்தம்." இந்த விளக்கத்தில் எனக்கே ஒரு பெருமிதம் வந்தது. ஜோசப் கூடத் தலையாட்டினார். யோகம் அக்கா கணப்பின் கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

"அப்ப ஒரேயொரு வெள்ளிக்கிழமைக்கு மட்டும் அந்தப் புகை போற வழியை அடைச்சுவிடுங்கோ தம்பி, மணக்குதோ எண்டு பாத்திட்டுத் திறப்பம்."

வராமல் ஒரு சான்றிதழ்

சபாநாதன் அண்ணை முதல் வருடத்துக்குப் பிறகு என்னை வீட்டுக்குக் கூப்பிடவில்லை. நான் செய்ததைப் பார்த்துப் படித்துவிட்டாராம். சான்றிதழ் மட்டும் கேட்பார். நான் வராமல் எழுத மாட்டேன் என்பேன், அவர் அட்டைகளை ஒரு விரலால் கல்லாவின் ஓரத்துக்கு நகர்த்துவார், நான் பேச்சை மாற்றிவிட்டு வெளியேறுவேன்.

போன குளிர்காலம் அவருக்கு அவசரம் வந்துவிட்டது. சொந்த வீட்டைத் தவிர, இன்னொரு சிறிய வீட்டையும் வாங்கி ஒரு இளம் குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார். அந்த வீட்டுக்குக் காப்புறுதிக்காரர் சான்றிதழ் கேட்டு நெருக்குகிறார்கள். கடையில் நாலு பேர் சேலை பார்த்துக்கொண்டிருக்க, என்னை நிற்க வைத்துப் பேசினார். உள்ளே இருந்த தகடு வெடித்துப்போனதால் தானே வேறு போட்டுவிட்டதாகவும், எல்லாம் பத்திரமாக இருப்பதாகவும், நான் கையெழுத்து வைத்தால் போதும் என்றும் சொன்னார். போய்ப் பார்த்துவிட்டுத்தான் எழுதுவேன் என்று நான் நின்றேன். அவருக்கு முகம் கறுத்துவிட்டது.

"சரி, அந்த வீட்டை மட்டும் போய்ப் பாத்திட்டு எழுதும் ஐசே, என்ரை வீட்டு அடுப்புக்கு நீர் தேவையில்லை."

தர்சினி வீட்டு இருமல்

அந்த வாடகை வீட்டின் கதவைத் திறந்தது தர்சினி. ஊரில் இருந்து வந்து அதிக காலம் ஆகாத பிள்ளை. தோளில் கைக்குழந்தை, தலையைத் துணியால் இறுக்கக் கட்டியிருந்தாள். கணவன் சுதன் லா ஷப்பலுக்குப் பக்கத்து ஸ்டாலின்கிராட்டில் ஒரு உணவகத்தில் இரவு வேலை. முதல்நாள் இரவு எரிந்த கணப்பு ஆறிக் கிடந்தது. நான் துணி விரித்துச் சாமான்களை எடுத்து வைக்கும்போது சும்மா பேச்சுக் கொடுத்தேன். எந்த நேரமும் தலையிடி, பிள்ளை பால் குடிக்காமல் சோர்ந்து நித்திரை கொள்கிறது, சுதன் வந்து யன்னலைத் திறந்தால்தான் கொஞ்சம் சுகம் என்றாள். ஆனால் யன்னலைத் திறந்தால் வீட்டுக்கார அண்ணை ஏசுவாராம், வெளியைச் சூடாக்குகிறீர்களோ என்று. மின்சாரம் அவருடைய பெயரில், ஹீட்டர் போட்டாலும் ஏச்சு. சாம்பிராணிக்குக் கத்துகிறது என்று கூரையில் இருந்த கருவியையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்.

"கண்ணூறாக்கும் எண்டு பாத்தன் அண்ணை," என்றாள். "செத்தல் மிளகாய் சுத்திப் போட்டுக் கதவைச் சாத்தினன். வீடு முழுக்கக் கமறி நானும் பிள்ளையும் இருமு இருமெண்டு இருமினம். அப்ப கண்ணூறு இல்லைத்தானே?"

கதவைச் சாத்திய கணப்புக்குள் போட்ட மிளகாய் வீட்டுக்குள் கமறுகிறது என்றால் புகை எந்தப் பக்கம் போகிறது என்று அவளுக்குத் தெரியாது. யோகம் அக்கா வாடிக்கையாளராக வாய்த்ததால் எனக்குத் தெரியும். ஜோசப் ஏற்கெனவே யன்னல்களைத் திறந்துகொண்டிருந்தார். நான் கணப்புக்குள் கையை விட்டுத் தடவினேன். மறிப்புத் தகடு இருக்க வேண்டிய இடத்தில் கனமான, வழுவழுப்பான இரும்பு. இரண்டு கையாலும் பிடித்து இறக்கினேன்.

தோசைக்கல். கடைகளில் இருக்குமே, பெரிய சதுரக் கல், அதை வெட்டி எடுத்த பாதி. ஓரத்தில் பழைய எண்ணெய் இறுகிக் கிடந்தது. சபாநாதன் அண்ணையின் மூடிய கடைக் கல்தான். அதில் சுட்ட தோசையை நானே தின்றிருக்கிறேன், அப்போதும் கருகித்தான் இருந்தது. பக்கத்துக்குப் பக்கம், முன்னுக்குப் பின், சுவரோடு சுவராகப் பொருந்தியிருந்தது. ஒரு மூலையில் விரல் நுழைகிற இடைவெளி. அதால் போன புகை போக மிச்சமெல்லாம் பிள்ளையின் நெஞ்சுக்குள் போயிருக்கிறது.

சபாநாதன் அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தேன். புகை போகிற வழியில் ஏன் கல்லை வைத்தீர்கள் என்று ஏசினேன். அவருக்கோ பெருமை பிடிபடவில்லை. "பாத்தீரோ, அளவெடுத்து வெட்டினது. ஒரு நூல் இடைவெளி இல்லை. சூடு வீட்டை விட்டு அசையாது!" என்றார். சூட்டோடு சேர்த்துச் சாவும் அசையாது என்று நான் கத்தினேன். அவர் சாந்தமாகச் சொன்னார்: "கையெழுத்தை வைச்சிட்டு வாரும் தம்பி. உம்மடை அட்டையள் இன்னும் கல்லாவிலைதான் கிடக்கு."

கல்லைத் திரும்ப உள்ளே வைக்க மாட்டேன், சான்றிதழும் எழுத மாட்டேன் என்று தர்சினியிடம் சொன்னேன். அவள் அழத் தொடங்கினாள். அழுகை கல்லுக்காக இல்லை. பொபினி பிரெபெக்சூர் அலுவலகத்தில் வதிவிட விசாக் கார்டு புதுப்பிக்கக் காட்டுவது இந்த வீட்டு விலாசம். சபாநாதன் அண்ணை விலாசக் கடிதம் தராவிட்டால் கார்டு இல்லை, கார்டு இல்லாவிட்டால் சுதனுக்கு வேலை இல்லை. அவரைப் பகைத்தால் மூன்று பேரும் தெருவில். நான் அங்கேயே ஒரு முடிவு எடுத்தேன். "தங்கச்சி, நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை, ஒண்டும் காணேல்லை. குழந்தைக்குப் பால் கரைக்கக் குசினிக்குப் போனீங்கள். அந்த நேரம் நான் கல்லைக் களவெடுத்துக்கொண்டு போட்டன்." யாரும் கணப்பை மூட்டாமல் இருக்கக் கதவின் கைப்பிடியையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். ஹீட்டரை நானே முடுக்கிவிட்டேன். அதையும் கள்ளன் போட்டான் என்று சொல்லச் சொன்னேன்.

தாயையும் பிள்ளையையும் எங்கள் வாகனத்தில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஒக்சிஜன் பிடித்து, இரத்தம் சோதித்து, இனி அந்தக் கணப்பை மூட்ட வேண்டாம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். பிள்ளை வீரிட்டு அழுதது. அந்த அழுகையைக் கேட்டபோதுதான் எனக்கு மூச்சே சீராக வந்தது. அவர்களை வீட்டில் இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் ஜோசப் பின்னால் கிடந்த கல்லின் வெட்டுப்பட்ட விளிம்பையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"அலோர்... அப்போ இது பாதிதானே செல்வம், மத்த பாதி எங்கப்பா?"

கள்ளன் பட்டம்

மறுநாள் லா ஷப்பல் முழுக்க நான் கள்ளன். சபாநாதன் அண்ணை அட்டைகளைக் குப்பையில் போட்டதோடு நிற்கவில்லை; சேலை வாங்க வந்தவர், மரக்கறி வாங்கப் போனவர், பஜோல் தெருப் பக்கம் கோயிலுக்குப் போனவர் எல்லாருக்கும் சொன்னார். நான் களவெடுத்த சாமான்களின் பட்டியல் வேறு நீண்டுகொண்டே போனது. தோசைக்கல்லில் தொடங்கி, மாலையில் பித்தளைக் குத்துவிளக்கு வரைக்கும் வந்துவிட்டது. வேலைக்குக் கூப்பிட்டிருந்த இரண்டு வீட்டுக்காரர்கள், பிறகு பார்ப்போம் என்றார்கள்.

வீட்டில் என் மனைவி அந்தக் கல்லைக் குளியலறையில் போட்டுத் தேய் தேயென்று தேய்த்தாள். சும்மா சொல்லக் கூடாது, அவ்வளவு நெருப்பில் கிடந்த கல், அதில் தோசை ஒட்டாமல் பூப்போல எழும்பியது. பிழைப்புப் போய்விட்டதே, இனி என்ன செய்வது என்று நான் தலையில் கை வைத்துக்கொண்டிருந்தேன். அவள் தட்டில் தோசையைப் போட்டபடி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"களவெடுக்கிறதெண்டால் ரெண்டு பாதியையும் எடுத்திருக்கலாம், கரண்டு அடுப்பிலை இது ஒரு பக்கத்துக்குத்தான் சுடுது."

மற்றப் பாதி

மற்றப் பாதி எங்கே என்று எனக்கு அப்போது ஓரளவு தெரிந்துவிட்டது. கல்லை வெட்டினால் இரண்டு துண்டு. சபாநாதன் அண்ணைக்கு வீடும் இரண்டு. அவர் கல், அவர் வீடு, எனக்கென்ன என்று ஒரு மனம் சொன்னது. நான் ஒன்றும் மகான் இல்லை, ஒரு பகல் முழுவதும் அந்த மனத்தின் பேச்சைத்தான் கேட்டேன். ஆனால் அந்த வீட்டில் பூமணி அக்காவும் நித்திரை கொள்கிறாரே.

கடைக்குப் போனேன். ஆட்கள் நிறைய இருந்தார்கள், அவருக்கு அது வசதி. "வாரும், இண்டைக்கு எதைக் கழட்டப்போறீர்?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். மற்றப் பாதிக் கல் எங்கே என்று கேட்டேன். "அதையும் தூக்கவோ? அது என்ரை வீட்டு அடுப்புக்குள்ளை பத்திரமாய்க் கிடக்கு!" என்றார். இன்னும் பலமாகச் சிரித்தார்கள். நான் அடுத்த கடையில் வாங்கிய செத்தல் மிளகாய்ப் பைக்கற்றைக் கல்லாவில், என் அட்டைகள் இருந்த இடத்தில் வைத்தேன்.

"அண்ணை, இண்டைக்கு அடுப்பை மூட்டி, இதிலை கொஞ்சம் உள்ளை போட்டுக் கதவைச் சாத்துங்கோ. கமறாட்டி நான் கள்ளன்தான். கமறினா யன்னலைத் திறந்துபோட்டு எனக்குப் போன் அடியுங்கோ."

அவர் செய்திருக்க மாட்டார். பகிடியாக அவர் வீட்டில் கொண்டுபோய்ப் போட்ட பைக்கற்றை எடுத்துச் செய்தது பூமணி அக்கா. பொழுது பட முன்னரே தொலைபேசி வந்தது. பேச்சுக்கு முன்னால் இருமல்தான் கேட்டது, அவருடையது ஒன்று, பின்னால் ஒரு ஆண் இருமல். யன்னலைத் திறந்துவிட்டோம், ஓடி வா என்றார். வருகிறேன், ஆனால் முதலில் தர்சினி வீட்டுக்குப் புதுத் தகடும் கூரைக்குக் கருவியும் பூட்டுவேன், அவர்களுடைய விலாசக் கடிதம் இன்றைக்கே அவள் கையில் இருக்க வேண்டும், அதன் பிறகுதான் உங்கள் வீடு, அதுவரை நெருப்பை அணைத்துவிட்டு ஹீட்டரைப் போடுங்கள் என்றேன். பின்னால் இருமிக்கொண்டிருந்த சபாநாதன் அண்ணை எல்லாவற்றுக்கும் ஓம் என்றார். கடைசியில் ஒன்று மட்டும் கேட்டார்.

"பின்கதவாலை வரச் சொல்லு, சனம் பாக்கும்."

நான் முன்கதவால்தான் போனேன். அதற்கு முன்பே தர்சினி வீட்டில் எல்லாம் பூட்டி, கடிதத்தைக் கண்ணால் கண்டு, ஜோசப் அவள் கொடுத்த மிளகாயைப் போட்டு ஒரு கமறலும் இல்லை என்று பார்த்தும் ஆயிற்று. சபாநாதன் அண்ணை வீட்டில் பேப்பர் விரித்திருக்கவில்லை, அதற்கு அவர்களுக்கு நேரம் கிடைக்கவில்லை. மற்றப் பாதிக் கல்லை இறக்கினேன். கரி வழிய வழிய அதை எங்கே வைப்பது என்று சுற்றிப் பார்த்தேன். அந்த வெல்வெட் கதிரை வசதியாக இருந்தது. அதில் சாத்தி வைத்துவிட்டுப் புதுத் தகட்டைப் பூட்டத் தொடங்கினேன். சபாநாதன் அண்ணை கதிரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இன்னொரு முறை இருமிவிட்டு யன்னலை இன்னும் அகலத் திறந்தார். பூமணி அக்கா தேத்தண்ணியோடு வந்து என் கையில் தந்தார், அதே காகிதக் கோப்பையில்.

"கதிரையைப் பிறகு கழுவலாம் தம்பி, ஆற முந்திக் குடியும்."

ஆக, இந்தத் தொழிலில் எந்த வீட்டுக்குள் சிக்கிய புகையையும் ஒரு பிடி செத்தல் மிளகாயால் காட்டிக்கொடுத்துவிடலாம், காகிதக் கோப்பையை வீட்டை விட்டுப் போகச் செய்கிற மிளகாய்தான் இன்னும் லா ஷப்பல் கடைகளுக்கு வந்து சேரவில்லை.